ஆறு பேருக்குக் கிழித்த துணி

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. திட்டக்குடியில் உன் அக்காவின் மூத்த மகன் முகிலனுக்கு நெய்வேலியில் பயிற்சி வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் தலையில் மஞ்சள் தொப்பியை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தானாம், சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லையாம். அவன் தங்கை ஓவியா பள்ளிக்கூடத்து கோ-கோ அணியில் ஓடி மாவட்டக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை, கேட்டால் சிரிக்கிறாள். அக்காவின் கடைக்குட்டி சரண் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்கிறான். உங்கப்பா தாளில் எழுதி வைத்துக்கொண்டு சரிபார்த்தார், ஓர் இடத்தில் தப்பு வந்தது, பார்த்தால் அது அப்பா எழுதிய தப்பு. இங்கே மஞ்சக்குப்பத்தில் உன் அண்ணன் மகள் இனியா துறைமுகத்துப் படகுகளை வரைந்து முதல் பரிசு வாங்கினாள். அவள் தம்பி கதிர் சைக்கிளின் பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டுத் தெருமுனை வரைக்கும் தனியாக ஓட்டிப் போனான். திருப்பத் தெரியாமல் அங்கேயே நின்று கூப்பிட்டான். போனது வெற்றிதானே, அதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஐந்து பேர் சேதியும் ஆயிற்று. இதைப் படிக்கும்போது ஆறாவதாக ஒரு பெயர் வருகிறதா என்று நீ பார்ப்பாய், எனக்குத் தெரியும். நீ கட்டிக்கொள்ளப் போகிற ரேவதியின் மகள் கயலைப் பற்றிச் சொல்ல என்னிடம் சேதி இல்லை. நாலாவது படிக்கிறாள் என்பதும், அவளைப் பெற்ற அப்பா தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது என்பதும் நீ சொல்லித் தெரியும், அவ்வளவுதான். தீபாவளி அன்று நீ அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிப் போன பிறகு, அப்பாவிடம்தான் போனில் பேசுகிறாய், அதுவும் இரண்டு வார்த்தை. தை மாதம் சென்னையிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்கிறோம், யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. நான் போன் செய்தால் எடுப்பாய், "வேல ஜாஸ்திம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நீ மேசையில் தூக்கிப் போட்டாலும் அங்கேயே கிடக்கும், என்றைக்காவது பிரிப்பாய். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். நாலு நாளாக மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த மார்கழி மாதத்து மத்தியானங்களில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு ஒரே காட்சிதான் வருகிறது. தூக்கமா விழிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. நீயும் ரேவதியும் கயலும் மூன்று பேரும் என்னோடு கடை கடையாக வருகிறீர்கள். வெயில் அடிக்கிறது, சுடவில்லை. ரோடு முழுக்க ஆள் இருக்கிறது, சத்தம் இல்லை. தேவனாம்பட்டினத்துக் காற்று கடைத் தெரு வரைக்கும் வந்து தொங்கவிட்ட துணிகளை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் உன்னைக் கடலூர் பழைய டவுனில் பாய் கடைக்குக் கூட்டிப் போகிறேன், கைலி எடுக்க. நீ சென்னையில் வாங்கிக் கட்டுகிற கைலியைத் தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், கொசுவலை மாதிரி இருக்கிறது. பாய் கடையில் கைலி எடுத்தால் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்க்கலாம். வேறு கடையில் அப்படிச் செய்தால் முகம் சுளிப்பார்கள். பாய் தானே தண்ணீர்ச் செம்பை நீட்டி, "தேச்சிப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்கம்மா, அப்புறம் எம்மேல சொல்லக் கூடாது" என்பார். சோதித்துப் பார்க்க விடுகிற கடைக்குத்தான் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ரேவதிக்கும் உனக்கும்கூட அதைத்தான் சொல்லுவேன். அவள் உன்னைத் தேய்த்துப் பார்க்கட்டும், நீ கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் முந்திரிப் பக்கோடா. அதைப் போடுகிற வண்டிக்கார அம்மா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வண்டி போடும், ஆனால் என் கனவில் மணி முன்னும் பின்னும் போகிறது, காலை பத்து மணிக்கே அடுப்பு எரிகிறது. பண்ருட்டியிலிருந்து உடைந்த முந்திரியாக வாங்கி வந்து கை நிறைய அள்ளிப் போடும். முதல் ஈடு வாங்காதே. முதல் ஈட்டில் எண்ணெய் பதத்துக்கு வந்திருக்காது, மாவு எண்ணெயைக் குடித்துவிடும். "ரெண்டாவது ஈடு குடும்மா" என்று கேட்டால் போதும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அதற்குத் தெரிந்துவிடும், அப்படிக் கேட்கிற ஆள் கடலூரிலேயே நான் ஒருத்திதான். பொட்டலத்தை உடனே பிரிக்காமல் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு பிரிக்க வேண்டும். ஆலப்பாக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சன்னல் ஓரத்தில் சாய்ந்தால் பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று மாறும். அங்கே கண் திறந்தால் சரியாக இருக்கும், அடுத்தது சிதம்பரம்.

சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே நாலு மேசை போட்ட ஒரு மெஸ் இருக்கிறது. பலகையில் பெயர் அழிந்துவிட்டது, வாசலில் செம்பருத்திச் செடி நிற்கும், அதுதான் அடையாளம். இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றுவார்கள். பத்து மணிக்கு மேல் போனால் கொத்சு தீர்ந்து சாம்பார் என்பார்கள், எழுந்து வந்துவிடு. அங்கே ரேவதிக்குச் சேர்த்து நீயே சொல்லிவிடாதே. கல்யாணமான புதிதில் உங்கப்பா அந்த மெஸ்ஸில் எனக்கும் சேர்த்துப் பொங்கல் சொல்லிவிடுவார். பத்து வருஷம் தின்றேன். ஒரு நாள் சாவகாசமாக, எனக்குப் பொங்கல் பிடிக்காது என்றேன். "ஏன் இத்தன நாளா சொல்லல?" என்றார். "நீங்க கேக்கல" என்றேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது மெஸ்ஸுக்குள் நுழையும்போதே, "அம்மாவுக்கு என்னா வேணும்னு அவுங்களையே கேளுங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறார்.

நேற்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "என்னா, நாலு பக்கமா கடைக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்குற? அவன் கோவிச்சிக்கிட்டுப் போனதுக்கு ஒரு வரியாவது இருக்குதா அதுல?"

"வரும். எடத்துக்கு வந்தாதான் வரும்."

"நீ எடத்துக்கு வர்றதுக்குள்ள அவனுக்குக் கல்யாணம் முடிஞ்சிடும்."

"நீங்க போயி தட்டைய தின்னுங்க" என்று டப்பாவை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர் சொன்னது சரி. அந்த இடம் மேல வீதிச் சந்தில் ராஜாமணியின் மீட்டர் துணிக் கடை. அதற்கு முன்னால் வந்து நின்றதும்தான் தினமும் எனக்குக் கண் விழித்துவிடுகிறது.

அந்தக் கடை உனக்குத் தெரியும். ஓர் ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தொடலாம். ராஜாமணி எந்தத் துணியையும் டியூப்லைட்டில் பார்க்க விடமாட்டார். சுருளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "வெயில்ல பாருங்க யக்கா, அதுதான் நெசமான கலரு" என்பார். உனக்கு நாலு வயதில் ஆனித் தேர் பார்க்க வந்தோம். கூட்டத்தில் உன் கை என் கையை விட்டுப் போய்விட்டது. தெற்கு வீதியிலிருந்து மேல வீதி வரைக்கும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினேன், பெயர்தான் எனக்குக் கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. ராஜாமணியின் அப்பா அப்போது கடையில் இருந்தார். அழுதுகொண்டு போன உன்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். உன் அண்ணனையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு நான் ஓடி வந்ததும், "இந்தாம்மா, ஒங்க புள்ள இங்க இருக்குது" என்று என்னைக் கேட்காமலேயே கொடுத்தார். மூன்று பேர் உடம்பிலும் அவர் கடையில் எடுத்த ஒரே பச்சைக் கோடு போட்ட துணி. அன்றையிலிருந்து நம் வீட்டில் தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சுருளில்தான் துணி. நீங்கள் வளர்ந்தீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அதேதான். மீசை வைத்த முகிலன்கூட இந்த வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் கடைக்குப் போனபோது ராஜாமணி நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சுருளைப் பிரித்து, "இந்த வருஷம் எத்தினி பேருக்கு யக்கா?" என்றார்.

"அஞ்சுதான்."

"சின்னத் தம்பிக்குக் கல்யாணம் கூடி வருதுன்னாங்களே. அந்தப் பொண்ணுக்கு ஒரு கொழந்த இருக்குதாமே, தீபாவளிக்கு வருதா?"

"வருது. அதுக்கு ரெடிமேட்ல நல்லதா எடுத்துக்கலாம்னு இருக்குறேன். நீ அஞ்சுக்குக் கிழி."

கயலுக்குக் கடலூரில் பெரிய கடையில் போய், முத்து வைத்து வலை வைத்த வெள்ளைக் கவுன் எடுத்தேன். ஐந்து பேர் துணியையும் சேர்த்தாலும் அதன் விலை வராது. முதல் தடவை வருகிற பிள்ளை, உயர்ந்ததாகச் செய்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். அப்படித்தான் உன் அண்ணியிடமும் சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன், சொல்லச் சொல்ல நானே நம்பினேன். இரண்டு மாதமாக யோசித்ததில் வேறொன்றும் அடியில் இருந்தது தெரிகிறது. இன்னும் தாலி ஏறவில்லை, நாளைக்கு எப்படி ஆகுமோ, அதற்குள் ஏன் இந்தப் பிள்ளையை நம் சுருளில் சேர்க்க வேண்டும் என்று என் மனசு ஒதுங்கி நின்றது. ஒதுங்கினதை மறைக்கத்தான் விலை உயர்ந்ததாக வாங்கினேன். உன்னிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இதுதான் நடந்தது.

தீபாவளிக் காலை நீ வாசலில் அண்ணனோடு நின்று வெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தாய், உள்ளே நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நான் அடுப்படியில் அதிரசம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் கயல் இனியாவைக் கேட்டாள், "ஒங்க எல்லாருக்கும் ஒரே டிரஸ்ஸா?"

"ஆமா. எங்க ஆயா எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு எல்லாம் ஒரே துணிலதான் எடுக்கும்."

"அப்ப இது?"

"இது ஒனக்கு. நீ விருந்தாளி இல்ல?"

இனியா மேல் தப்பில்லை. பெரியவர்கள் பேசினதைத்தான் அவள் சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லி அங்கேயே சரி செய்திருக்கலாம். கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "ஆமாம் கண்ணு, எல்லாத்தையும் விட ஒன்னோடதுதான் ஒசத்தி" என்றேன். அந்தப் பிள்ளை உள்ளே போய்க் கவுனைக் கழற்றிவிட்டு, ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ரேவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேவதி கவுனை எடுத்து நாலாக மடித்து, முத்தெல்லாம் உள்பக்கம் வரும்படி வைத்து, கட்டில் மேல் வைத்தாள். நீ உள்ளே வந்து அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "கெளம்புறோம்மா" என்றாய். "சாப்ட்டுப் போடா" என்றேன். "வேல இருக்குது."

நீ கயலுக்கு அப்பாவாகப் போகிறாய், அதனால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு உயர்ந்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் இன்னும் ஜாஸ்தியாகத் தோன்றும். செய்யாதே. திட்ட வேண்டிய இடத்தில் திட்டு. பக்கோடா தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று சொல்லு. உன் பங்கிலிருந்து பிடுங்கித் தின்னட்டும். பிடுங்கித் தின்கிற இடம்தான் பிள்ளைகளுக்குத் தங்கள் இடம்.

கார்த்திகையில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். அந்த நீலத் துணியில் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருந்தால் போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். ராஜாமணி அலமாரி மேல்தட்டு வரைக்கும் ஏறிப் பார்த்தார். "அது போயிடுச்சி யக்கா. ஒரு துண்டுகூட இல்ல. அந்த டிசைனு இனிமே வராது." படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "அப்ப வேற எடு. வெயில்ல காட்டு" என்றேன். கத்தரிப்பூ நிறத்தில் சின்னச் சின்ன மாவிலை போட்டது ஒன்று வந்தது. வாசலில் பிடித்தபோது துணிக்குள் வெளிச்சம் புகுந்து என் கையெல்லாம் அந்த நிறம் ஆனது. தண்ணிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

"எத்தினி பேருக்கு?"

"ஆறு."

"தீபாவளிதான் முடிஞ்சிடுச்சே யக்கா, இப்ப என்னா விசேஷம்?"

"எங்க வீட்ல கல்யாணம். கிழி."

ராஜாமணி ஆறு தடவை கிழித்தார். துணி கிழிகிற சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும், அன்றைக்கு இன்னும் பிடித்தது.

தைக்கக் கொடுத்தது பரங்கிப்பேட்டையில் அஸ்மா பீவியிடம். உனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, உன் அக்கா கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குப் பழக்கம். வீட்டு முன்னறையிலேயே மிஷின். கீழ் மடிப்பில் இரண்டு இஞ்ச் உள்ளே விட்டுத் தைக்கும், அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் பிள்ளையோடு துணியும் வளரும். போகிறவர்களுக்குத் தட்டில் கடல்பாசி வெட்டி வைக்கும், ரோஸ் கலரில் கண்ணாடி மாதிரி ஆடும், கயலுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அஸ்மா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஐந்து பேர் அளவையும் நான் பார்க்காமல் சொன்னேன். முகிலனுக்குத் தோள் அகலம், ஓவியாவுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், சரணுக்கு வயிறு, இனியாவுக்குக் கை நீளம், கதிருக்குக் கழுத்துப் பொத்தான் போட்டால் அழுவான். ஆறாவதுக்கு அந்த வெள்ளைக் கவுனை அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அஸ்மா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தது. "இது அளவுக்கு ஆகாதும்மா. அக்குள்ல தையலு விட்டுருக்கு பாருங்க. புள்ளைக்கு இறுக்கிப் புடிச்சிருக்கும். போட்டுக்கிட்டு இருந்தப்ப சொல்லலியா?"

"சொல்லல."

"சரி, நீங்க சொல்லுங்க. புள்ள ஒல்லியா, பூசுனாப்லயா? ஒங்க இனியா ஒசரம் இருக்குமா? கழுத்து நீட்டா, குட்டையா? நெறம் என்னா, இந்தக் கலரு எடுக்குமா?"

நான் உட்கார்ந்திருந்தேன். கவுனில் எத்தனை வரிசை முத்து என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எத்தினி நாளு ஒங்க வீட்ல இருந்திச்சி?"

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளு நெறையவாச்சேம்மா" என்றது அஸ்மா. குத்திச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னது. நோட்டில் ஐந்து பெயருக்குக் கீழே கயல் என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தது.

ஐந்து தைத்து வந்துவிட்டன. ஆறாவது துணி மடித்தபடி அஸ்மாவிடம் இருக்கிறது. இனியாவைக் கேட்டால் கயலின் உயரத்தைச் சொல்லிவிடுவாள், அண்ணன் போனில் அன்றைக்கு எடுத்த படம் எதிலாவது அந்தப் பிள்ளை ஓரத்தில் நிற்கும். நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளை அளந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடு என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை, கூப்பிட்டால் எல்லாரும் வருவோம், அது உன் இஷ்டம், ரேவதி இஷ்டம். கயலிடம் மட்டும் நான் சொன்னதாக ஒன்று சொல்லு. ஆயா ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்த அதே துணி, உயர்ந்தது இல்லை, உனக்கு வேண்டும் என்றால் தைக்கலாம், வேண்டாம் என்றால் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லு. வேண்டும் என்றால், அவளுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய சட்டையை அளவுக்கு அனுப்பு. அதோடு அவளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், போனில் வந்தால் அண்ணி விரலால் தள்ளுவாள், அடுத்த படம் வந்துவிடும். கடையில் கொடுத்துக் கழுவி, கையில் பிடிக்கிற மாதிரிப் புதுப் போட்டோவாக வேண்டும். அவளுக்குப் பிடித்த சட்டையில் நிற்கட்டும். சிரிக்கச் சொல்லாதே, அவளுக்கு வந்தால் சிரிக்கட்டும். வெளிச்சத்தில் எடு, முகம் தெரிய வேண்டும். இரண்டு நாள் என் வீட்டில் இருந்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரியவில்லை, கண்ணா. தபாலில் போட்டு அனுப்பு.